உளவியல் திகில் துப்பறியும் சித்திரக்கதை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சனிக்கிழமை தோறும் சித்திரக்கதை வரையப் பழகும் இளையோரோடு உட்காருகிறேன். அவர்களில் பலர் வரைய ஆசைப்படுவது ஒரே வகைக் கதையைத்தான். விசித்திரமான கொலைகள் நடக்கின்றன. ஒருவர் துப்பறியப் போகிறார். போகப் போகத் தன் கண்ணையும் நினைவையும் நம்ப முடியாதவராகிறார். வகுப்பிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளிதானவை. பிற்பகுதியில் உள்ளவற்றை அவசரமில்லாமல் படியுங்கள்.

1. உளவியல் திகில் என்றால் பேய்க்கதைதானே? பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்களா?

இரண்டும் வேறு. பேய்க்கதையில் பேய் உண்டென்று வாசகருக்குத் தெரியும். அது எப்போது வரும் என்பதுதான் பயம். உளவியல் திகிலில், வந்தது உண்மையா, பார்த்தவரின் மனம் உண்டாக்கியதா என்று கடைசிவரை தீர்மானிக்க முடியாது. கொலை நடந்த வீட்டில் ஈரமான காலடித் தடம் ஒன்றைத் துப்பறிபவர் அளந்து குறித்துக்கொள்கிறார். இரவு வீடு திரும்பியதும் தன் வாசற்படியிலும் அதே தடத்தைக் காண்கிறார். பிறகு குனிந்து தன் பாதத்தைப் பார்க்கிறார். பேய் எதுவும் வரவில்லை. ஆனாலும் பக்கத்தைத் திருப்பக் கை தயங்கும்.

தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி அழுத்தும் அமுக்குவானைப் பற்றி நம் வீடுகளில் கேள்விப்படாதவர் இல்லை. மருத்துவம் அதைத் தூக்க முடக்கம் என்கிறது: கனவு காணும் நிலையில் தசைகள் செயலற்றிருக்க, நினைவு மட்டும் விழித்துக்கொள்கிறது; அறையில் யாரோ நிற்பதாக உறுதியாகத் தோன்றுகிறது. பாட்டி சொல்லும் விளக்கத்தையும் டொக்டர் சொல்லும் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

2. துப்பறியும் கதை என்றால் கொலைகாரன் யார் என்பதுதானே முக்கியம்? இதில் வாசகர் எதைத் தேடுவார்?

இதிலும் அதைத் தேடலாம். ஆனால் கதை அந்த ஒரு கேள்வியை மட்டும் நம்பி நிற்பதில்லை. 1888 இல் லண்டனின் வைட்சப்பல் பகுதியில் நடந்த கொலைகளை வைத்து அலன் மூர் எழுதி எடி கேம்பல் வரைந்த ‘ஃப்ரம் ஹெல்’, கொலையாளி யார் என்பதை நெடுநேரம் மறைத்து வைப்பதில்லை. அது தெரிந்த பிறகும் நூற்றுக்கணக்கான பக்கங்களை விடாமல் படிக்கிறோம். ஒரு மனம் எப்படி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அதை அறிந்தவர்கள் ஏன் வாய்திறக்கவில்லை என்பவைதான் நம்மை இழுக்கின்றன.

என் வகுப்பில் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் துப்பறிபவர் எந்த உண்மையைக் கண்டுபிடிக்க அஞ்சுகிறார்? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் கதை உங்களிடம் இருக்கிறது.

3. நம் ஊரில் இதையெல்லாம் யார் படிப்பார்கள்?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 இலும், லயன் காமிக்ஸ் 1984 இலும் வரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவியைத் தெரியாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் குறைவு. சிங்களத்தில் 1970களில் சித்திரக்கதைகளுக்கென்றே வாராந்தப் பத்திரிகைகள் பெருவாரியாக விற்றன. அன்று படித்தவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். இளையவர்களோ ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா படித்து வந்தவர்கள். இந்த வகையை உங்களைவிட நன்றாக அறிந்தவர்களும் அவர்களில் உண்டு. வாசகருக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் கதைக்குத்தான் பஞ்சம்.

4. எனக்கு ஆட்களை அச்சு அசலாக வரைய வராது அக்கா. நான் இந்த வகையைத் தொடலாமா?

தொடலாம். முகம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்திலும் அவர் இவர்தான் என்று அடையாளம் தெரிந்தால் போதும். ஒருவருக்குச் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, இன்னொருவருக்கு ஒரு பக்கம் தாழ்ந்த தோள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அதைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். இந்த வகைக் கதையில் அந்த அடையாளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு கட்டத்தில் மட்டும் மற்றத் தோள் தாழ்ந்திருந்தால், வாசகருக்கு ஏனென்று தெரியாமலே வயிறு கலங்கும்.

கைக்கு வேகம் வர, பென்சிலை வைத்துவிட்டு நேரே கறுப்பு மையும் தூரிகையுமாக வரைந்து பழகுங்கள். முதலில் நிழலைப் போடுங்கள், பிறகு ஆளை. நாம் கிழக்குக் கரையில் இருப்பவர்கள்: சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடற்கரையில் தரையை நோக்கி வருபவரைக் காலையில் வரைந்தால் முகம் இருட்டு, நிழல் அவருக்கு முன்னால் ஊர்ந்து வரும். மாலையில் அதே ஆளின் முகம் முழுவதும் வெளிச்சம். நேரத்தைச் சொல்லத் தனியாக எழுத்துப்பெட்டி எதற்கு?

5. கறுப்பு வெள்ளை போதுமா? இரத்தம் சிவப்பாக இல்லாவிட்டால் பயம் வருமா?

இந்த வகைக்குக் கறுப்பு வெள்ளையைத்தான் நான் விரும்புகிறேன், காசு மிச்சம் என்பதற்காக அல்ல. கறுப்பு மையில் இரத்தமும் நிழலும் சிந்திய தேநீரும் ஒரே நிறம். மேசைக்கடியில் பரவியிருப்பது என்னவென்று துப்பறிபவரோடு சேர்ந்து வாசகரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சிவப்பைப் பூசிய கணத்தில் அந்த யோசனை முடிந்துபோகிறது.

6. கதையைக் கோணேசர் கோயில் பாறையில் தொடங்கினால் நல்ல படமாக இருக்குமே?

படம் நன்றாகத்தான் வரும். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவும் கீழே நுரைக்கும் கடலும் யாருடைய கையையும் இழுக்கும். ஆனால் மக்கள் அன்றாடம் கும்பிடும் இடம் அது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அப்படியே. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியவை என்ற ஐதீகத்தோடு, இறந்தவர்களுக்கான கிரியைகளுக்காக மக்கள் போகும் ஏழு கிணறுகள் அவை. துக்கத்தோடு வருபவர்களின் இடத்தில் வெறும் அதிர்ச்சிக்காகச் சடலத்தைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கதைக்கு அந்த இடம் உண்மையிலேயே தேவையென்றால் மட்டும், அங்கே நடப்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

சுற்றுலாச் சுவரொட்டியில் இல்லாத திருகோணமலையைத் தேடுங்கள். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் மார்கழியில், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் நிலாவெளி விடுதி ஒன்று. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கதவெல்லாம் படபடக்க, சிறு சொல்லுக்கும் ஆட்கள் எரிந்து விழும் ஆடி மாதப் பகல். சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடமும் அதுதான்.

என்னைக் கேட்டால் மான்களைச் சொல்வேன். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் வீதிக்கு வந்து குப்பையைக் கிளறும். கடைகள் அடைத்த தெருவில் ஒரு கலைமான் பழைய பத்திரிகைத் தாளை அசைபோட்டுக்கொண்டு நிற்கும். டோர்ச் அடித்தால் இரண்டு பச்சை வெளிச்சம் அசையாமல் திரும்பிப் பார்க்கும். ஊரார் எல்லோரும் பார்த்த காட்சி இது. கொலை நடந்த இரவில் துப்பறிபவர் அதைப் பார்ப்பதாக வரைந்தால், பழகிய ஊர் ஒரு நொடியில் அந்நியமாகும்.

7. பார்த்து வரைவதற்காகக் கோட்டையையும் துறைமுகத்தையும் போட்டோ எடுக்கலாமா?

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. துறைமுகப் பகுதியில் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படைத் தளம். அனுமதியில்லாமல் அங்கெல்லாம் கெமராவைத் தூக்க வேண்டாம். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். கதைக்கு வேண்டியது மட்டுமே நினைவில் தங்கியிருக்கும். பிறர் எடுத்த புகைப்படத்தை அப்படியே பிரதிசெய்தால் உரிமைப் பிரச்சினை வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் செல்லும்.

8. துப்பறிபவர் ஒரு தனியார் துப்பறிவாளராக இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் அவருக்குப் பொலிஸ் அதிகாரம் கிடையாது. சாட்சியை அழைத்து வாக்குமூலம் எடுக்கவோ தடயப் பொருளைக் கைப்பற்றவோ முடியாது. சந்தேகத்துக்குரிய மரணம் நடந்தால் வருபவர்கள் வேறு: பொலிஸார், நீதவான் அல்லது திடீர் மரண விசாரணை அதிகாரி, பிரேத பரிசோதனைக்குச் சட்ட வைத்திய அதிகாரி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இந்த ஒழுங்கை வகுத்திருக்கிறது. மழைக்கோட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர் சடலத்தின் அருகே முதல் ஆளாக மண்டியிடுவது வேறு நாட்டுக் கதை.

உப பொலிஸ் பரிசோதகர் ஒருவரை வைப்பது நேரான வழி. எனக்குப் பிடித்தது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு கொலையின் விவரத்தையும் சாட்சியின் வாயிலிருந்து கேட்டு, தன் வாயால் இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டியவர் அவர். ‘நான் அவளைக் கடைசியாகப் பார்த்தேன்’ என்று நாளெல்லாம் தன்மையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் ஒருவரின் இரவு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துப்பறிய அதிகாரம் இல்லாதவர், ஆனால் எல்லாவற்றையும் கேட்டவர்.

9. சடலத்தைப் பார்த்த உடனே ‘இரவு பத்து மணிக்கு இறந்திருக்கிறார்’ என்று டொக்டர் சொல்லலாமா?

கூடாது. எந்தச் சட்ட வைத்திய அதிகாரியும் அப்படி மணி குறித்துச் சொல்லமாட்டார்; இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் என்றுதான் சொல்வார். உடல் விறைப்பது சில மணி நேரத்தில் தொடங்கி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முழுமையாகும், பிறகு மெல்லத் தளரும். நம் வெக்கையில் எல்லாமே விரைந்து நடக்கும். உடல் நீரில் கிடந்திருந்தால் கணக்கு மறுபடி மாறும்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய விவரம் வேறொன்று. இதயம் நின்றதும் இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி, தோலில் ஊதா நிறம் படரும். தரையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளிறியிருக்கும். சுமார் 8 முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகு அந்த நிறம் இடம் மாறாது. ஆகவே மல்லாந்து கிடக்கும் உடலின் நெஞ்சிலும் முகத்திலும் நிறமிருந்தால், அது நெடுநேரம் குப்புறக் கிடந்தது. யாரோ பிறகு திரும்பி வந்து புரட்டியிருக்கிறார்கள். ஏன் திரும்பி வந்தார்? அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் முதல் அத்தியாயம் ஓடிவிடும்.

10. பக்கத் திருப்பம், பக்கத் திருப்பம் என்கிறீர்களே, அது என்ன?

விரித்த புத்தகத்தில் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் வரை வாசகரின் கண்ணுக்கு எல்லாம் தெரியும். தாளைத் திருப்பிய பிறகு வருவது மட்டும் மறைந்திருக்கும். ஆகவே கதவுக் கைப்பிடி வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில். கதவுக்குப் பின்னால் இருப்பது அடுத்த இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில். இதை மாற்றி, திகைப்பை வலப்பக்கத்தின் நடுவில் வைத்தால், படிக்கத் தொடங்குமுன்பே ஓரக்கண் அதைப் பார்த்துவிடும்.

கைபேசியில் மேலிருந்து கீழாகப் படிக்கும்படி வெளியிடுவதானால் திருப்பம் இல்லை. அங்கே கட்டங்களுக்கு இடையே நீண்ட வெற்றிடம் விட வேண்டும். விரல் தள்ளிக்கொண்டேயிருக்க, ஒன்றும் வராத அந்த இரண்டு நொடிதான் உங்கள் ஆயுதம்.

11. கொலைகள் விசித்திரமாக இருக்க வேண்டுமே. எவ்வளவு கோரமாக வரையலாம்?

கோரம் வேறு, விசித்திரம் வேறு. வெட்டுண்ட உடலை முழுப்பக்கத்தில் வரைந்தால் வாசகர் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். வீட்டில் நான்கு பேரின் செருப்புகள் வாசலில் வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவதாக ஒரு சோடி, உள்ளே பார்த்தபடி. இறந்தவரின் மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர். ஒன்று இன்னும் சூடாக. இப்படிச் சிறிதாக ஏதோ ஒன்று பிசகியிருப்பதுதான் விசித்திரம். அதே பிசகு இரண்டாவது கொலையிலும் இருக்கட்டும். மூன்றாவதாகத் துப்பறிபவரின் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடியை வரைய வேண்டாம். ஓங்கிய கை ஒரு கட்டம், கூரையிலிருந்து பறக்கும் காகங்கள் அடுத்த கட்டம். இரண்டுக்கும் இடையிலுள்ள வெள்ளைக் கோட்டில் வாசகரே அந்த அடியை அடிக்கிறார். தன் மனம் செய்த காரியம் என்பதால் அதை அவரால் எளிதில் மறக்க முடியாது.

12. வசனக் குமிழுக்குள் தமிழ் அடங்குவதேயில்லை. என்ன செய்வது?

படத்தை முடித்துவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் எழுத்தைத் திணிக்கிறீர்கள். எழுத்தை முதலில் போடுங்கள். தமிழில் ஒரு வினைச்சொல்லே குமிழின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே குமிழ் உயரமாக அல்ல, அகலமாக இருக்க வேண்டும். சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு குமிழில் மூன்று வரியைத் தாண்டினால் வசனத்தைக் குறையுங்கள்.

ஆட்கள் அவரவர் பேச்சில் பேசட்டும். உவர்மலை வீட்டுக்காரரும் கிண்ணியா மீன் வியாபாரியும் மூதூர் ஆசிரியையும் ஒரே மாதிரிப் பேசினால் ஊர் இல்லாமல் போய்விடும்.

13. துப்பறிபவரின் மனம் குழம்புவதை எப்படி வரைவது? சுழல் கோடுகள் போடவா?

சுழல் கோடுகள் வேண்டாம். குழம்புகிறவருக்குத் தான் குழம்புவது தெரியாது. எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பால்மரும் 1974 இல் வெளியிட்ட உளவியல் ஆய்வொன்று இதற்கு நல்ல பாடம். கார்கள் மோதும் படத்துண்டைக் காட்டிவிட்டு, ஒரு சாராரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், மற்றச் சாராரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘மோதிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இதைப் பக்கத்தில் கொண்டுவர, ஒரே காட்சியை மூன்று இடங்களில் வரையுங்கள். நடந்தபோது ஒருமுறை, சாட்சி சொல்லும்போது ஒருமுறை, துப்பறிபவர் இரவில் நினைத்துப் பார்க்கும்போது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஜன்னல் மூடியிருந்தது, பிறகு திறந்திருக்கிறது, பிறகு அதில் ஒரு கை. எந்த எழுத்துப்பெட்டியிலும் இதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். தமிழ் மட்டும் தெரிந்தவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவர் வாசித்தறியாமலே கையெழுத்திடுவது நம் பகுதியில் கேட்டுப் பழகிய முறைப்பாடு. 8ஆம் கேள்வியில் சொன்ன மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே வேலை இருக்கிறது.

14. அப்படி மாற்றி மாற்றி வரைவது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

துப்பறிபவரின் கண்ணால் காட்டுவது பொய்யாக இருக்கலாம். யாருடைய கண்ணாலும் அல்லாமல், கதை தானே காட்டும் கட்டம் பொய் சொல்லக்கூடாது. இரண்டையும் பிரித்தறிய வாசகருக்கு ஒரு வழி வைத்திருங்கள்: நினைவில் வரும் கட்டங்களுக்கு மட்டும் ஓரக்கோடு இல்லை, அல்லது அவற்றில் மட்டும் நிழல் தவறான பக்கம் விழுகிறது. முதல் வாசிப்பில் யாரும் கவனிக்காமல் போகட்டும். முடித்துவிட்டுத் திரும்பப் புரட்டுபவருக்கு எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும்.

15. கடைசியில் துப்பறிபவரேதான் கொலையாளி, அவருக்குள் இரண்டு ஆள் என்று முடித்தால் எப்படி?

அடிக்கடி வரும் யோசனை இது. நான் மறுப்பதற்கு முதல் காரணம், அது பழகிப்போன முடிவு என்பது. அடுத்த காரணம் பெரியது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துத்தான் அவர்களுக்கு அதிகம். நம் ஊரில் சிகிச்சைக்குப் போகவே ஆட்கள் கூசுகிறார்கள். ‘மனநோயாளி, அதனால் கொன்றான்’ என்று இன்னொரு கதை வந்தால் அந்தக் கூச்சம் கூடும். போரையும் 2004 சுனாமியையும் கடந்து வந்த குடும்பங்களில் தூக்கமில்லாதவர்களும் குரல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கதையை அவர்களும் படிப்பார்கள்.

சட்டமும் அவ்வளவு எளிதாக விடாது. தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவின்படி, செய்யும் செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய முடியாத அளவுக்குச் சித்த சுவாதீனம் இழந்திருந்தால்தான் அது குற்றமாகாது. நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. உங்கள் துப்பறிபவர் நோயுற்றவராகவே இருக்கட்டும். நோயோடு வேலைக்குப் போகிறவராக, மருந்து எடுப்பவராக, இருந்தும் மற்றவர்கள் தவறவிட்டதைக் கண்டுபிடிப்பவராக வரையுங்கள்.

16. கொலையாளி பொலிஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், தூக்குத்தண்டனை, முற்றும். இது சரிதானே?

இரண்டு இடத்தில் இடிக்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாதாரணமாக நிரூபிக்க முடியாது. மரண தண்டனையை நீதிமன்றங்கள் இன்றும் விதிக்கின்றன. ஆனால் 1976க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை.

இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். உண்மை முழுவதையும் தன் காதால் கேட்டுவிட்டார், ஆனால் அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது: உளவியல் திகிலுக்கு இதைவிடப் பொருத்தமான நிலைமை எனக்குத் தெரியவில்லை.

17. இரவில் வரைந்து வரைந்து எனக்கே தூக்கம் வருவதில்லை. இது வழக்கமா?

ஓரிரு நாள் மனம் அலைவது இயல்பு. கோரக் காட்சிகளைப் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது வரையுங்கள். இரவுக்கு எழுத்து வேலையையும் கோடு போடுவதையும் ஒதுக்குங்கள். வாரக்கணக்கில் தூக்கம் போய், வரையாத நேரத்திலும் படங்கள் துரத்தினால் வேலையை நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

18. பிள்ளைகள் கையில் கிடைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

வரக்கூடும். அமெரிக்காவில் திகில் சித்திரக்கதைகளுக்கு எதிராக எழுந்த அலையில் 1954 இல் பதிப்பாளர்களே ஓர் ஒழுக்கக்கோவை வகுத்து, தலைப்பில் திகில் என்ற சொல்லையே விலக்கினார்கள். அந்த அலை இங்கும் வந்தது. சிறுவர், இளையோருக்குத் தீங்கான படப் பிரசுரங்களைத் தடுக்கும் 1956ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அட்டையில் ‘வயது வந்தோருக்கு’ என்று தெளிவாகப் போடுங்கள், பாடசாலை வாசலில் விற்காதீர்கள். 11ஆம் கேள்வியில் சொன்னபடி வரைந்திருந்தால் பயப்பட அதிகம் இருக்காது.

19. எத்தனை பக்கம் வரைவது? ஐ.எஸ்.பி.என். இலக்கம் வேண்டுமா?

மடித்து நடுவில் கம்பி தைக்கும் புத்தகம் நான்கின் மடங்காகத்தான் வரும். முதல் முயற்சிக்கு 24 அல்லது 32 பக்கத்தில் ஒரே ஒரு கொலையின் கதை போதும். கடையில் விற்பதானால் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள இலக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது, கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது.

20. ஊரில் உண்மையாக நடந்த கொலைகளை வைத்து வரையலாமா? அவையும் துப்புத் துலங்காதவைதானே?

இந்தத் தொகுப்பை எழுத என்னைத் தூண்டிய கேள்வி இது. 2006 ஜனவரி 2 அன்று காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகநபர்களாக இருந்த 13 பாதுகாப்புத் தரப்பினர், போதிய சாட்சியம் இல்லையென 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை ஏந்தித் தாய்மார் இன்றும் வீதியோரத்தில் உட்காருகிறார்கள். இவற்றில் விசித்திரம் எதுவும் இல்லை. யார் பார்த்தார்கள், யார் பேசப் பயந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். இவற்றைத் திகில் கதையின் புதிராக்கினால், தெரிந்ததைத் தெரியாததாக மாற்றும் வேலையை நாமும் சேர்ந்து செய்கிறோம்.

ஆவணச் சித்திரக்கதையாக வரைய விரும்பினால் வரையுங்கள். அது வேறு வகை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, நீதிமன்றப் பதிவுகளைப் படித்து, அமானுஷ்யம் எதுவும் கலக்காமல் செய்ய வேண்டிய பணி. உளவியல் திகிலுக்குள் இந்த வரலாறு வரவேண்டிய இடம் துப்பறிபவரின் மனம்தான். கற்பனைக் கொலையொன்றை விசாரிக்கும் அவர், இந்த ஊரில் வளர்ந்தவர். எத்தனையோ முறை கதவைப் பூட்டிக்கொண்டு சத்தத்தைக் கேட்காதவர்போல இருந்தவர். 2ஆம் கேள்வியில் கேட்டேனே, எந்த உண்மையைக் கண்டுபிடிக்க அஞ்சுகிறார் என்று. திருகோணமலைத் துப்பறிபவருக்கு அந்தப் பதில் கொலையாளியின் பெயராக இருக்க வேண்டியதில்லை. தான் அன்று எதைக் கேட்டும் எழும்பவில்லை என்பதாக இருக்கலாம். நம்மவர் வரைந்து நான் படிக்கக் காத்திருக்கும் கதை அதுதான்.

21. என் கதை முழுவதும் கற்பனை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, இது என் மகன்தானே என்கிறார். நான் என்ன செய்வது?

‘இல்லை அம்மா, கற்பனை’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் அவரோடு உட்காருங்கள். எது மகனை நினைவுபடுத்தியது என்று கேளுங்கள்: சட்டையா, சைக்கிளா, கடைசியாகப் போன வழியா? இப்படிப்பட்ட ஒற்றுமைகள் தற்செயலாகவும் வரும், சிறுவயதில் காதில் விழுந்தது கைக்குள் இறங்கியும் வரும். 13ஆம் கேள்வியில் சொன்னது வரைபவருக்கும் பொருந்தும்.

அவர் மாற்றச் சொல்லும் அடையாளத்தை மாற்றிவிடுங்கள். அதனால் கதை கெட்டுப்போகாது. அந்தப் பாத்திரமே வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு வேறு ஆளை வரையுங்கள். சிலர் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பார்கள். அப்போதும் அச்சுக்குப் போகுமுன் முழுக்கதையையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்; அவருடைய மகன்போல இருப்பவருக்குக் கதையில் என்ன நடக்கிறது என்பதை, விற்ற பிரதி ஒன்றிலிருந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.